முன்பு இருந்தபடி

சுங்கை காடுட்டில் ஒரு கொட்டகை.
கதவைத் திறக்க ஷாஹினுக்கு அரைமணி ஆயிற்று.
பூட்டில் துரு இல்லை. எண்ணெய் விட்டு வைத்திருந்தான்.
உள்ளிருந்து ஒரு டயர் உருண்டுவந்து
கதவோடு சாய்ந்து கிடந்தது, அவ்வளவுதான்.

நாற்பத்து மூன்று.
முதலில் எண்ணியபோது நாற்பத்தொன்று.
பிறகு தார்ப்பாய்க்குக் கீழே இரண்டு,
ஒன்றின்மேல் ஒன்று ஏறி.

புல் வெட்டும் டிராக்டர்கள்.
மூடிப்போன கோல்ஃப் திடல்களிலிருந்து,
கைமாறிய பங்களாக்களின் பின்கட்டிலிருந்து,
ஜொகூர் ஏலத்தில் ஒன்று, ஸ்டியரிங் இல்லாமல்.
மாசிலாமணி குடியிருந்தது ஈசூனில், பதினோராம் மாடி.
அவன் பேரில் இருந்த பச்சை
நடைபாதையில் ஒரு தொட்டிக் கற்றாழை.

மணமுறிவாகிப் பதினான்கு வருடம்.
உயிலில் நிறைவேற்றுநர் என்று இன்னும் என் பெயர்.
மாற்ற மறந்தானா, வேண்டாமென்று விட்டானா,
வக்கீலுக்கும் தெரியவில்லை.
அந்த நாளில், பாதிச் சம்பளம் எங்கே போகிறதென்று
நான் ஒருத்தியைத் தேடினேன்.
சட்டைக் காலரை மோந்து பார்த்தேன்.
பெட்ரோல்.
பெட்ரோல் நிலையத்துக் காசாளரோ என்றுகூடப்
போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.
அங்கே இருந்தவர் ஒரு தாத்தா.

கம்பியில் குத்தியிருந்தது
கொசு ஆய்வாளர்கள் கொடுத்த தாள்:
டயருக்குள் தேங்கிய நீர், புழுக்கள், அபராதம்.
பின்பக்கம் அவன் கையெழுத்து:
சிவப்பு, கார்புரேட்டர் சரி. பெல்ட் தேடணும்.
பச்சை, ஞாயிறு வரைக்கும் தொடாதே.
எந்த ஞாயிறென்று எழுதவில்லை.

குவெக் தராசோடு வந்தார்.
சிலதுக்கு ஆள் கிடைக்கும், காத்திருக்கணும் என்றார்.
மாதக் கடைசியில் நிலம் அரசாங்கத்துக்கு.
இரும்பு கிலோ முப்பது காசு.
முப்பத்தைந்து என்றேன்.
முப்பத்திரண்டில் இருவரும் களைத்தோம்.
அலுமினியம் வேறு விலை.
மைலோ டின் நிறையச் சாவிகள், பித்தளை:
அதுதான் எல்லாவற்றிலும் ஒசத்தி.

மூன்றாம் லோரி நிரம்பும்போது
ஷாஹினுக்குக் கை நிற்கவில்லை.
பச்சைக்குக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக்
கயிற்றைச் சுண்டினான்.
இருமியது. மறுபடி இருமியது.
பிடித்துக்கொண்டது.
குவெக் கைதட்டினார்.
என்னை ஏற்றி உட்காரவைத்தார்கள்.
சிமெண்டுத் தரையில் இருபதடி போனேன்.
அடியில் கத்திகள் சுற்றின,
ஒரு பிளாஸ்டிக் பையைப் பொடிப்பொடியாக்கின.
இறங்கி, ஓடுகிற வண்டிக்கு விலை கூடுதலா என்றேன்.
எடைதானேம்மா, என்றார்.

மறுவாரம் கடிதம்.
கொட்டகையை இடித்து, சிமெண்டைப் பெயர்த்து,
நிலத்தை முன்பு இருந்தபடி
இடைவெளியின்றிப் புல் பதித்து
ஒப்படைக்கவும்.

முன்பு என்ன இருந்ததென்று
எனக்கு எப்படித் தெரியும்?
இரும்பு விற்ற வெள்ளியில்
பாய் பாயாகப் புல் வாங்கினேன்.
சுருட்டிக் கொண்டுவந்தார்கள், விரித்தார்கள்,
கல்யாண மண்டபம் மாதிரி.

அதிகாரி வரும் நாள் மழையில் தள்ளிப்போனது,
பிறகு இன்னொரு முறை, அவருக்கு விடுப்பு.
டிசம்பர். புல்லுக்குக் கேட்கவா வேண்டும்.
முழங்காலைத் தொட்டதும் குவெக்குக்குப் போன் போட்டேன்.
அந்தப் பச்சை...
எல்லாம் அமுக்கியாச்சு, என்றார்.
பின்னால் ஏதோ நசுங்கும் சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை ஷாஹின் வந்தான்,
தோளில் மாட்டும் மெஷினோடு.
கண்ணாடியில் புல் துணுக்கு ஒட்ட ஒட்ட
ஒற்றை ஆளாக நாலு மணிநேரம்.
நான் குடைக்குக் கீழே நின்றேன்,
முதலாளி மாதிரி.

காசை எண்ணிக் கொடுக்கையில்
அவன் காலரிலிருந்து அதே வாசம்.
ஓரடி பின்னால் நகர்ந்தேன்.
ரசீது எழுதித் தரச் சொன்னேன்.